மலிந்த நாளில் மரக்கறியைக் காப்பாற்றுவது: புதிதாகத் தொடங்கும் தோட்டக்காரருக்கு

மாசி, பங்குனியில் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலோ மருதனார்மடத்திலோ திருநெல்வேலியிலோ விடியச் சந்தைக்குப் போனவருக்குத் தெரியும், தக்காளியும் கத்தரியும் எப்படிக் குவிந்து கிடக்கும் என்று. பிடுங்கின கூலி, ஏற்றின கூலி, அதற்கு மேல் சந்தையில் வெட்டுகிற கழிவு எல்லாம் போக, கையில் நிற்பது அடுத்த இறைப்புக்கு எண்ணெய் வாங்கவும் காணாது. இந்த நேரத்தில்தான் பலருக்கும் ‘பதப்படுத்தி விற்கலாமே’ என்ற யோசனை வருகிறது. உடனே போத்தல் வாங்குகிறார்கள், லேபல் அடிக்கிறார்கள், ஜாம் காய்ச்சுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போத்தல் பெட்டி கொட்டிலின் மூலையில் கிடக்கும்.

முதலில் வேண்டியது ஒரு கொப்பி. உங்கள் தோட்டத்திலும் அயலிலும் எந்த மாதம் எது மிஞ்சுகிறது, எத்தனை கிழமைக்கு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று ஒரு வருடத்துக்கு எழுதுங்கள். பொதுவாக, காலபோகம் (மாரி மழைப் பயிர்க்காலம்) முடிந்து மாசி தொடக்கம் சித்திரை வரை தக்காளி, கத்தரி, பாகல், கோவா மலியும். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ. சித்திரைக்குப் பிறகு மாங்காய், தென்மராட்சிப் பலா. வைகாசியில் சோளகக் காற்றுத் தொடங்க, முற்றாத மாங்காய் மரத்தின் கீழே கொட்டிக் கிடக்கும். ஆடி, ஆவணியில் பனம்பழம். உங்கள் கொப்பியில் எது அதிகமோ அதில் ஒன்றை மட்டும், ஒரு முறையில் மட்டும், முதல் வருடம் செய்யுங்கள். வற்றலும் ஊறுகாயும்தான் தொடங்குவதற்கு நல்லவை. முதல் செலவு குறைவு, பிழைத்தாலும் நட்டம் சிறிது. ஜாம், சோஸ், பழரசம் எல்லாம் இரண்டாம் வருடத்துப் பாடம்.

எது பழுதாக்குகிறது

மரக்கறியில் தொண்ணூறு வீதத்துக்குக் கிட்டத் தண்ணீர். பூஞ்சணமும் மதுவமும் பற்றீரியாவும் வாழ்வது அந்தத் தண்ணீரில். தண்ணீரை எடுத்துவிட்டால் வற்றல். உப்பாலோ சீனியாலோ அந்தத் தண்ணீரைக் கட்டிப்போட்டால் ஊறுகாய், ஜாம். புளிப்பைக் கூட்டினால் கெட்ட கிருமிகளில் பெரும்பங்கு அடங்கும். சூடு உள்ளதைக் கொல்லும், இறுகிய மூடி புதிதாக வருவதைத் தடுக்கும். ஒரு பொருள் பழுதாகும்போது ‘தண்ணீர், புளிப்பு, சூடு, மூடி, இந்த நாலில் எது பிழைத்தது’ என்று கேட்டால் விடை அநேகமாகக் கிடைத்துவிடும்.

இதில் ஒரு எல்லையை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். புளிப்பை அளக்கிற பீஎச் அளவில் 4.6 என்பது அது. அதற்குக் கீழே, அதாவது புளிப்பான பொருள்களில், கொதிநீர்ச் சூடு போதும். அந்த எல்லைக்கு மேலே உள்ள பயற்றங்காய், கரட், முருங்கைக்காய், பலாக்கொட்டை போன்றவற்றை வெறும் உப்புத் தண்ணீரில் போட்டு, போத்தலில் அடைத்து அவித்து வைக்கக் கூடாது. குளொஸ்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து கொதிநீரில் சாகாது. 121 பாகை அமுக்கச் சூடு வேண்டும், அது தொழிற்சாலை வேலை. அந்த நஞ்சு ஊறிய உணவு மணத்திலோ ருசியிலோ மாறாமலும் இருக்கும். அதனால் புளிப்பில்லாத மரக்கறியைக் காயவிடுங்கள், அல்லது வினாகிரியில் போடுங்கள்.

பொருளும் தண்ணீரும்

அழுகினதைப் பதப்படுத்த முடியாது. வடிவு பிழைத்தது, சிறுத்தது, கோணியது, வெயில் சுட்டது எல்லாம் சரி. பூஞ்சணம் பிடித்ததை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடுவது சரியில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் தாண்டியும் அது பரவி இருக்கும்.

மருந்து அடித்த நாளைக் கட்டாயம் பாருங்கள். பச்சையாக விற்கும்போது கவனிக்கிறோமோ இல்லையோ, வற்றலில் இது பெரிய காரியம். பத்துக் கிலோ ஒரு கிலோவாகச் சுண்டும்போது காயில் நிற்கிற மருந்தும் சேர்ந்து சுண்டுகிறது. மருந்துப் போத்தலில் போட்டிருக்கிற அறுவடை இடைவெளி முழுவதும் போன பிறகு பிடுங்கினதை மட்டும் எடுங்கள். சந்தையில் திருப்பி வந்ததை வாங்கி வற்றல் போடுகிறவர் இதை அறிய வழியே இல்லை. சொந்தத் தோட்டத்துக் காய் என்பதன் அருமை இங்கேதான்.

வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், பசளையால் நைத்திரேற்றும் ஏறியிருக்கிறது. கரையோரமானால் உப்பு. கழுவுவதற்கு அது போதும், பாகு காய்ச்சவோ உப்புநீர் கரைக்கவோ வேண்டாம். பாகு கலங்கும், சட்டியில் வெள்ளை படியும். வடிகட்டிய குடிதண்ணீரை அதற்கு வாங்குங்கள். கழுவும் தண்ணீரில் 5 வீத குளோரின் திரவம் லீற்றருக்கு 1 மில்லி லீற்றர் கலந்து, காயை ஐந்து நிமிடம் அமிழ்த்தி, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். வாசம் சேர்க்காத திரவமாக இருக்கட்டும்.

சட்டி எவர்சில்வர். அலுமினியத்திலும் பித்தளையிலும் புளிப்புப் பொருளைக் காய்ச்சாதீர்கள். கல்லுப்பானால் கரைத்து, துணியில் வடித்து, மண் இறங்கிய பிறகு பாவியுங்கள்.

ஒரு இலத்திரனியல் தராசும், 110 பாகை வரை காட்டும் வெப்பமானியும் போத்தலுக்கு முன் வாங்க வேண்டியவை. ‘கை அளவு’ என்பது வீட்டுக் கறிக்குச் சரி. விற்கிற பொருளில் இந்த முறை வந்த ருசி அடுத்த முறையும் வர வேண்டும்.

வெயில் பெட்டி

பாயில் காயவிடுவது எங்களுக்குப் பழக்கம். ஆனால் சோளகம் அடிக்கும் மாதங்களில் செம்மண் தூசி பறந்து வந்து ஒட்டும். அந்த வற்றலைக் கடித்தால் நறநறக்கும். கோழி, காகம், ஈ, அந்திப் பனி வேறு. ஒரு சின்ன வெயில் பெட்டி இவை எல்லாவற்றையும் தடுக்கும். ஊர்த் தச்சர் ஒருவர் இரண்டு நாளில் செய்துவிடுவார்.

அளவு: நீளம் 8 அடி, அகலம் 4 அடி. முன்பக்க உயரம் 12 அங்குலம், பின்பக்கம் 22 அங்குலம். மேலே பசுமைக் கூடாரத்துக்குப் போடுகிற யூவி (புற ஊதாக் கதிர்) தாங்கும் பொலித்தீன். சாதாரணப் பொலித்தீன் ஒரு கோடையோடு நொறுங்கிப்போகும். அடித்தட்டுக்குத் தகரம், உட்பக்கம் மங்கலான கறுப்பு மை, மை மணம் முற்றாகப் போகும் வரை வெறும் பெட்டியை ஒரு கிழமை வெயிலில் விடுங்கள். முன்பக்கத்தின் கீழே, நீளம் முழுக்க, 2 அங்குல உயரத்தில் காற்று நுழையும் வாய். பின்பக்கத்தின் மேலே அதே அளவில் வெளியேறும் வாய், அதைத் திறந்து மூட ஒரு பலகை. இரண்டு வாய்க்கும் நுளம்பு வலை. சோளக காலத்தில் முன்வாய்க்கு மெல்லிய சீலை ஒன்றும் சேர்த்துக் கட்டுங்கள். தட்டுகளுக்கு உணவுக்குரிய நைலோன் வலை. நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பி வலை வேண்டாம், மாங்காய், தேசிக்காய்ப் புளிப்பு அதைக் கரைக்கும். கால்கள் மூன்றடி உயரம், ஒவ்வொரு காலின் கீழும் தண்ணீர் விட்ட ரின். எறும்புக்கு அதுதான் வேலி.

தாழ்ந்த பக்கம் தெற்கே பார்க்கட்டும். சித்திரை தொடக்கத்தில் இருந்து ஆவணி நடுப்பகுதி வரை யாழ்ப்பாணத்தில் உச்சிச் சூரியன் உண்மையில் சற்று வடக்கே நிற்கும். இந்தச் சாய்வு சிறியது என்பதால் அது ஒன்றும் செய்யாது. சாய்வு முக்கியமாக மழை நீர் வழிவதற்கு. மர நிழல் காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் இடையில் விழாத இடமாகப் பாருங்கள்.

இந்தப் பெட்டியில் தட்டுப் பரப்பு கிட்டத்தட்ட 3 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு வெட்டின காய் 4 கிலோ, ஆக ஒரு தரத்துக்கு 12 கிலோ. இருபது கிலோவை அடுக்கினால் இரண்டாம் நாளே நடுவில் புளித்த மணம் வரும். ‘இன்னும் கொஞ்சம் போடலாம்’ என்ற ஆசைதான் புதியவர் வற்றலைக் கெடுக்கும் முதற் காரணம்.

உள்ளே 50 தொடக்கம் 60 பாகை நல்லது. முதல் நாள் 65க்கு மேல் ஏறினால் பின்வாய்ப் பலகையை முழுக்கத் திறந்துவிடுங்கள். சூடு கூடினால் கெதியில் காயும் என்று மூடிவைப்பார்கள். வெளித்தோல் இறுகி, உள்ளே தண்ணீர் பூட்டுப்பட்டுப் போகும். தொட்டால் காய்ந்தது போலத் தெரியும், பையில் கட்டின பத்தாம் நாள் பச்சைப் பூஞ்சணம்.

பாகற்காய் வற்றல், படிப்படியாக

இதை விரிவாகச் சொல்கிறோம். கத்தரி, மாங்காய், பயற்றங்காய் எல்லாம் இதிலிருந்து சிறு மாற்றங்கள்தான்.

காலையில் பிடுங்கின, கொட்டை முற்றாத காய் 10 கிலோ. கழுவி, இரு முனையும் நறுக்கி, 5 மில்லி மீற்றர் வட்டங்களாக வெட்டுங்கள். எல்லாம் ஒரே தடிப்பாக இருப்பது மிக முக்கியம். மெல்லியது கருகும் நேரம் தடித்தது ஈரமாகவே இருக்கும். கத்தியால் கை வராவிட்டால் அளவு பூட்டுகிற சீவல் பலகை வாங்குங்கள். வெட்டி முடியக் கிட்டத்தட்ட எட்டரைக் கிலோ நிற்கும்.

கிலோவுக்கு 30 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள் போட்டுப் பிரட்டி ஒரு மணி நேரம் விட்டால் கைப்புத் தண்ணீர் கழலும். மெதுவாகப் பிழிந்து எடுத்துவிடுங்கள். நசித்தால் வட்டம் கிழியும். மோர் ருசி வேண்டுமென்றால் இந்தக் கட்டத்தில் புளித்த மோரில் ஒரு இரவு ஊறவிடலாம். மோர் போட்டது சற்றுக் கறுக்கும், ஆனால் பொரித்தால் வாசம் தனி.

ஒன்றின் மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்புங்கள். உச்சிக்கு ஒருக்கால் திருப்பிவிடுங்கள். அந்திபட, வெளிப் பனி இறங்க முன், தட்டுகளை வீட்டுக்குள் எடுத்து, சூடு ஆறும்வரை மூடாமல் வையுங்கள். சூட்டோடு வாளியில் போட்டு மூடினால் அது வேர்த்து, பகல் முழுக்கக் காய்ந்தது இரவில் நனைந்துவிடும். அடுத்த நாள் திரும்பவும் பெட்டிக்குள். நல்ல வெயிலில் இரண்டு அல்லது மூன்று நாள்.

காய்ந்ததை எப்படி அறிவது? ஆறின துண்டை முறித்துப் பாருங்கள், சூட்டில் எல்லாமே வளையும். ‘டக்’ என்று முறிய வேண்டும், முறிந்த இடத்தில் ஈர மினுக்கம் இருக்கக் கூடாது. பிறகு ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி நிரப்பி, மூடி, நாளுக்கு ஒருக்கால் குலுக்கி ஒரு கிழமை வைத்திருங்கள். கண்ணாடியின் உட்பக்கம் ஒரு துளி வேர்வை கண்டாலும் முழுவதையும் திரும்ப ஒரு நாள் காயவிட வேண்டும். வேர்க்காவிட்டால் பைக்கற் பண்ணலாம். இந்த ஒரு கிழமையைப் பொறுக்காதவர்களின் பொருள்தான் கடைகளில் இருந்து திரும்பி வருகிறது.

பத்துக் கிலோ காய்க்கு, ஏறின உப்போடு, ஏறக்குறைய ஒரு கிலோ வற்றல் கிடைக்கும்.

கத்தரிக்காய் வெட்டின உடன் கறுக்கும். லீற்றருக்கு 20 கிராம் உப்புப் போட்ட தண்ணீருக்குள்ளேயே வெட்டி விழுத்துங்கள், பிறகு கொதிநீரில் மூன்று நிமிடம் காட்டி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு வடித்துப் பரப்புங்கள். கரட், பயற்றங்காய்க்கும் மூன்று நிமிடம், கோவாவுக்கு இரண்டு. இப்படிக் கொதிநீர் காட்டாவிட்டால் காயிலுள்ள நொதியங்கள் காய்ந்த பிறகும் வேலை செய்யும். மூன்று மாதத்தில் நிறம் வெளிறி வைக்கோல் வாசம் வரும். ஒரு கிலோ காய்க்கு நாலைந்து லீற்றர் கொதிநீர் வேண்டும். குறைந்த தண்ணீரில் போட்டால் கொதி அடங்கிவிடும், காய் வெந்து குழையும்.

காற்றுக்கு விழுந்த மாங்காயைத் தோலோடு கீறி, கிலோவுக்கு 100 கிராம் உப்புப் போட்டு ஒரு இரவு வைத்துக் காயவிடலாம். பழுத்த மாம்பழத் துண்டுகளின் நிறம் கெடாமலிருக்க சோடியம் மெற்றாபைசல்பைற்று கரைசலில் தோய்ப்பார்கள். லீற்றருக்கு 3 கிராம், பத்து நிமிடம். அப்படிச் செய்தால் லேபலில் கட்டாயம் போடுங்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. நிறத்தை விட்டுக்கொடுக்கிற வாடிக்கையாளருக்கு அதில்லாமலே விற்பது எங்கள் விருப்பம். பழக்கூழை மெல்லிதாகப் பூசி, காயக் காய மேலே இன்னொரு பூச்சாக ஏற்றுவதும் முடியும். பனம்பழக் களியைப் பாயில் பூசிக் காயவிட்டுப் பனாட்டுப் போட்ட கைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பாய்க்குப் பதில் எண்ணெய் தடவிய எவர்சில்வர்த் தட்டு, வெளி வெயிலுக்குப் பதில் பெட்டி, அவ்வளவுதான் மாற்றம்.

செத்தல் மிளகாய்

முழுக்கச் சிவந்த பழத்தையே பிடுங்குங்கள். அரைச் சிவப்பு காய்ந்தால் வெள்ளையடிக்கும். பிடுங்கினதை நிழலில் ஒரு நாள், இரண்டு நாள் குவித்து வைத்தால் நிறம் ஒரே சீராக ஏறும். மூன்றாம் நாள் தாண்டினால் குவியலுக்குள் சூடேறி அழுகும். மூன்றரை தொடக்கம் நாலு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ செத்தல்.

நிலத்தில், வெறும் மண்ணில், காயவிட வேண்டாம். இரவுப் பனி பட்டு, பகலில் காய்ந்து, திரும்பப் பனி பட்டால் அஸ்பர்ஜிலஸ் பூஞ்சணம் பிடிக்கும். அது விடுகிற அஃப்ளாரொக்சின் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு. வறுத்தாலும் பொரித்தாலும் முற்றாகப் போகாது. காம்படியில் சாம்பல், கறுப்புத் தூள் தெரிந்தால் அந்த மிளகாயை எறியுங்கள், ‘தூளாக்கினால் தெரியாது’ என்று ஆலைக்கு அனுப்பாதீர்கள். அந்தியில் தறப்பாளால் மூடுகிறவர்கள் மிளகாய் ஆறின பிறகு மூட வேண்டும், காலையில் பனி உலர்ந்த பிறகு திறக்க வேண்டும். குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும், காம்பு ஒடியும். அப்போது நிறுத்துங்கள்.

மோர்மிளகாய்க்கு, கீறின பச்சை மிளகாய் ஒரு கிலோவுக்குப் புளித்த மோர் ஒரு லீற்றர், உப்பு 100 கிராம். இரவு மோரில், பகல் வெயிலில், மூன்று நாள். மோர் முழுக்க ஊறி முடிந்த பிறகு மூன்று நாள் வெயில்.

ஊறுகாய்

தேசிக்காய் ஊறுகாய் எங்கள் பக்கத்தில் எண்ணெயில்லாமல் போடுவது. மஞ்சளாகப் பழுத்த காய் ஒரு கிலோ, துடைத்துத் தண்ணீர் இல்லாமல் உலர்த்தி, அடி பிரியாமல் நாலாகக் கீறுங்கள். 200 கிராம் உப்பைக் கீறலுக்குள் அடைத்துச் சாடியில் போட்டு, நாளுக்கு ஒருக்கால் குலுக்கி நாலு நாள். பிறகு காய்களை எடுத்து வெயிலில், அந்தியில் திரும்ப அதே சாற்றுக்குள். நாலைந்து நாளில் தோல் மண்ணிறமாகி, நகம் வைத்தால் இறங்கும். இன்னும் அரைக் கிலோ தேசிக்காயின் சாறு, 50 கிராம் செத்தல்தூள், வறுத்து இடித்த வெந்தயம் சேர்த்துக் கிளறுங்கள். சாறு காயை மூடி நிற்க வேண்டும். ருசிக்கு முந்திவிட வேண்டாம், ஒரு மாதம் போகத் தோலின் கைப்பு தணியும்.

‘உப்புக் குறைத்துப் போட்டோம், ஆரோக்கியத்துக்கு’ என்று சொல்பவர்களின் சாடியில்தான் மேலே வெள்ளைப் படலம் வரும். மொத்த நிறையில் 15 வீதத்துக்குக் கீழே உப்பை இறக்காதீர்கள். குறைத்தே ஆக வேண்டுமென்றால் 4 வீத வினாகிரியைக் கூட்டிக் குளிரூட்டியில் வைத்துச் சாப்பிடுங்கள், அது விற்கிற பொருள் இல்லை. எண்ணெய் ஊற்றுகிற மாங்காய் ஊறுகாயில் எண்ணெய் துண்டுகளுக்கு மேல் ஒரு சென்ரி மீற்றர் நிற்க வேண்டும். பச்சை உள்ளியை வெறும் எண்ணெயில் போட்டு அடைத்து வைப்பது ஆபத்து. முன்சொன்ன பொட்டுலினம் காற்றில்லாத இடத்தைத்தான் தேடும். உள்ளியை ஒரு இரவு வினாகிரியில் ஊறவிட்டுச் சேர்த்து, குளிரூட்டியில் வைத்துக் கெதியில் முடியுங்கள், அதையும் விற்க வேண்டாம்.

தக்காளி சோஸும் மாம்பழ ஜாமும், சுருக்கமாக

தக்காளியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோல் உரித்து, மசித்து, விதை அரியுங்கள். கூழ் 10 கிலோவுக்குச் சீனி 750 கிராம், உப்பு 100 கிராம், வெங்காயம் 500 கிராம், இஞ்சி 100, உள்ளி 50, செத்தல் 50. மசாலாவைத் துணியில் பொட்டலமாகக் கட்டிக் கூழுக்குள் விட்டுக் காய்ச்சி, பிறகு பிழிந்து எடுத்தால் நிறம் சிவப்பாகவே நிற்கும். பாதியளவுக்கு வற்றி, கோப்பையில் ஒரு துளி விட்டால் சுற்றித் தண்ணீர் கசியாமல் நிற்கும்போது 250 மில்லி லீற்றர் வினாகிரி விட்டு இறக்குங்கள். வினாகிரியைத் தவிர்க்காதீர்கள். நன்கு கனிந்த தக்காளியின் புளிப்பு 4.6 எல்லைக்குக் கிட்ட வந்துவிடும்.

மாம்பழ ஜாமுக்குக் கறுத்தக்கொழும்பானை யாரும் நறுக்க மாட்டார்கள், அந்த விலைக்குப் பழமாகவே போகும். அடிபட்ட, சிறுத்த பழங்கள் போதும். கூழ் ஒரு கிலோ, சீனி ஒரு கிலோ, தேசிக்காய்ச் சாறு நாலு மேசைக்கரண்டி. பழுத்த மாம்பழத்தில் ஜாமை இறுக்குகிற பெக்ரின் குறைவு, கிலோவுக்கு 100 கிராம் முற்றாத மாங்காய்க் கூழ் சேர்த்தால் இறுகும். பதம் பார்க்க ஒரு வழி: சட்டியை முதலே வெறுமையாகத் தராசில் நிறுத்து எழுதுங்கள். இரண்டு கிலோ கலவை 1.7 கிலோவுக்கு வந்ததும் ஜாம் ஆகிவிட்டது. வெப்பமானியில் 105 பாகை. யாழ்ப்பாணம் கடல் மட்டம் என்பதால் இந்த எண்ணைத் திருத்தத் தேவையில்லை. அதற்கு முன் இறக்கினால் பூஞ்சணம், பிந்தினால் சீனி பூத்துக் கற்கண்டாகும்.

போத்தல்களைப் பதினைந்து நிமிடம் கொதிநீரில் வைத்து, சூடாக இருக்கும்போதே 85 பாகைக்குக் குறையாத பொருளை ஊற்றி, மூடி, மூன்று நிமிடம் தலைகீழாக வையுங்கள். குளிர்ந்த போத்தலில் சூட்டை ஊற்றினால் வெடிக்கும். பழைய போத்தலைப் பாவிக்கலாம், பழைய மூடியை வேண்டாம். முந்திரிகை (திராட்சை) ரசத்தில் இந்த 85 பாகை தவறினால் இரண்டு கிழமையில் புளித்து மூடியைத் தள்ளும்.

கணக்கு

ஒரு உதாரணம். பாகற்காய் கிலோ 80 ரூபாய் என்று வையுங்கள். பத்துக் கிலோ 800, உப்பு மஞ்சள் 60, உங்கள் வேலை ஐந்து மணித்தியாலம் 200 படி 1000, பத்துப் பை 150. மொத்தம் 2010, நூறு கிராம் பைக்கற் ஒன்றின் அடக்கம் 201 ரூபாய். கடைக்காரர் விற்கும் விலையில் நூற்றுக்கு இருபது எடுத்தால் கடையில் 252க்குக் குறைய விற்கக் கூடாது, இலாபம் அதற்கு மேலே. அதே காய் 250 ரூபாய் விற்கும் நாளில் அடக்கம் 371 ஆகும். அன்றைக்குப் பச்சையாகச் சந்தைக்குக் கொண்டுபோங்கள். பலர் தங்கள் வேலைக் கூலியைக் கணக்கில் போடுவதில்லை. வீட்டில் பெண்கள் வெட்டுகிறார்கள், பிள்ளைகள் திருப்பிவிடுகிறார்கள் என்று அது காணாமல் போகிறது. பிறகு ஓர்டர் பெருகி ஆள் வைக்கும்போது இலாபம் எங்கே போனது என்று தேடுவார்கள்.

விற்க முன்

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலே கூப்பிட்டுச் சமையல் இடத்தைக் காட்டுங்கள். பிடிபட்ட பிறகு பேசுவதைவிட அது எளிது. பிரதேச சபையில் வியாபார அனுமதி, பிரதேச செயலகத்தில் பெயர்ப் பதிவு. லேபலில் பொருளின் பெயர், சேர்மானம், தேறிய நிறை, செய்த நாள், முடியும் நாள், தொகுதி இலக்கம், உங்கள் பெயர், விலாசம். சீனி சேர்த்த பானமானால் நிற வட்டக் குறியும் வேண்டும். செய்து பழக, யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் உள்ள மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையத்தில் கேட்கலாம், உங்கள் விவசாயப் போதனாசிரியர் வழியாகப் போவது சுகம். பனம் பொருளானால் கைதடிப் பனை ஆராய்ச்சி நிறுவனம்.

பை பற்றி ஒன்று. சந்தைப் பொலித்தீன் பை வற்றலுக்கு ஆகாது, ஈரம் அதனூடே நுழையும். உள்ளே அலுமினியப் படலம் உள்ள தடித்த பையைச் சூட்டால் ஒட்டுங்கள். விலை கூட என்றால் பெரிய ரின்னில் அடைத்து வைத்து, ஓர்டர் வர வரச் சிறு பைக்குப் போடுங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று பைக்கற்றை விற்காமல் திகதி எழுதி அடுப்படித் தட்டில் வையுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கி மூன்றாம் கிழமை ஒன்றை வெட்டி, ஒரு துண்டை முறித்துப் பாருங்கள். முறிந்தால் உங்கள் பை நல்லது. வளைந்தால் பையை மாற்றும் வரை கடைகளுக்கு அனுப்பினதைத் திருப்பி எடுங்கள்.